இட்லிக் கடைச் சட்டசபையை நம்பி வீட்டில் படுத்த விருமாண்டியை விடுவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மு. நல்லகாமன், வயது பதினாறு,
த/பெ முத்திருளன்,
ஒச்சாங்குளம், திருமங்கலம் தாலுகா.

பெறுநர்:
ம.ரா.ரா.ஸ்ரீ ஜில்லா கலெக்டர் அவர்கள் சமூகம்,
மதுரை.

பொருள்: சட்டசபையில் இன்னும் விவாதத்தில் உள்ள மசோதாவை முடிந்த சட்டமென்று நம்பி, ஓர் இரவு வீட்டில் படுத்த என் அண்ணனைத் 'தலைமறைவு' என்று பதிந்திருப்பது குறித்து.

மாட்சிமை தங்கிய ஐயா,

1. எங்கள் ஊர் மாயக்காள் இட்லிக் கடையின் மூன்றுகால் பெஞ்சுக்குச் சென்ற வியாழக்கிழமை காலை நான்காவது கால் பொருத்தப்பட்டது என்பதைச் சமூகத்துக்குப் பணிவுடன் அறிவித்துக்கொள்கிறேன். பெஞ்சு ஆடாமல் நின்றதால்தான் அதன்மேல் ஏறிப் பத்திரிகை வாசித்தேன். அதனால்தான் இந்த மனு.

2. சட்டசபைச் செய்தி என்றால் எங்கள் ஊருக்கு நான்தான். மெட்ராஸில் மெம்பர் பேசினால் ஒச்சாங்குளத்தில் நான் முழங்குவேன். எழுத்துப் பிசகாமல் வாசிப்பவன் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் எனக்குப் பெயருண்டு.

3. ரேகைச் சட்டப்படி எங்கள் சாதியில் பிறந்த ஆண், வயது வந்ததும் கைரேகை வைக்கவேண்டும். பொழுது சாய்ந்தால் ஸ்டேஷனில் ஆஜர் சொல்லி, அங்கேயே படுத்து, விடிந்து திரும்பவேண்டும். அவன் திருடினானா என்ற கேள்வியே கிடையாது. என் மீசை இன்னும் மசோதா நிலையில் இருப்பதால் என் கட்டைவிரல் இதுவரை தப்பியிருக்கிறது. அண்ணன் விருமாண்டிக்குக் கல்யாணமான அன்றும் ஸ்டேஷன் திண்ணையில்தான் படுக்கை.

4. இச்சட்டத்தை நீக்கும் மசோதாமீது எங்கள் மெம்பர் ஸ்ரீ வெள்ளைத்துரை அவர்கள் பேசியது அன்றைய பத்திரிகையில் வந்திருந்தது. முன்பு கள்ளுக்கடை மசோதாவில் அவர் பேசியது இரண்டே வாக்கியம். அதில் ஒன்று, சபையில் விசிறி சுற்றவில்லை என்பது. இம்முறை அப்படியில்லை. "எங்கள் ஊரில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் நாளைக்கு இந்த ரேகைதான். அந்தப் பிள்ளை எந்த வீட்டுச் சுவரைத் துளைத்துத் திருடியது என்று மந்திரியவர்கள் எனக்குக் காட்டட்டும்" என்று கேட்டிருந்தார். இந்தச் சட்டம் போனால் யாரும் கண்மூட முடியாது என்று எதிர்த்த ஒருவருக்கு, "கனம் அங்கத்தினர் வீட்டுக் காவலுக்கு நிற்பவனே எங்கள் ஆள்தானே! அவர் நன்றாகத்தான் தூங்குகிறார்" என்று பதில் சொல்லியிருந்தார். சபையில் மேசையைத் தட்டினார்களாம். எங்கள் கடையில் மேசை இல்லாததால் இட்லிச் சட்டியைத் தட்டினார்கள். "பெஞ்சுக்குக் கால் வந்ததும் பயலுக்கு வாய் வந்திருச்சு பாரு" என்றார் மாயக்காள்.

5. பேச்சின் முடிவில், அன்று பொழுது சாய்வது முதல் எவரும் ஸ்டேஷனுக்குப் போகவேண்டியதில்லை என்று வாசித்தேன். பிறகு ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, கவர்னர் கையெழுத்து எல்லாம் எங்கள் ஊர் வழக்கத்தில் இல்லை ஐயா. கூட்டத்தில் கை தூக்கினால் அந்த நிமிஷமே அது நடப்பு. தூக்கியவன் மாறக்கூடாது.

6. ஆனாலும் சாயங்காலம் மற்றவர்கள் வழக்கம்போல ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார்கள். "இன்னைக்கு ஒருநா போயிட்டு வந்துருவோம் மாப்ள" என்று அண்ணனையும் கூப்பிட்டார்கள். அண்ணன் அசையவில்லை. "தூக்குன கையை எறக்கிப்புட்டு ரேகைக் கொட்டடிக்கு நான் வரமாட்டேன். என் தம்பி வாசிச்சா எழுத்துப் பிசகாது" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மதினி அன்னக்கொடி நிறைமாதம். அன்று முதல்முறையாகத் தனக்கும் அண்ணனுக்கும் சேர்த்து இரவுச் சோறு போட்டார்.

7. விடியுமுன் போலீசார் வந்து அவரை விலங்கிட்டுக் கூட்டிப்போனார்கள். 'தலைமறைவு' என்று எழுதியிருக்கிறார்கள். சொந்த வாசலில், சொந்தக் கட்டிலில், ஊருக்கே கேட்கும்படி குறட்டை விட்டவரை எந்த மறைவிலிருந்து பிடித்தார்கள் என்று விசாரிக்கவேண்டும். நான் ஓடிப்போய்க் கேட்டதற்குச் சப்-இன்ஸ்பெக்டர், "சட்டசபை மெட்ராஸ்ல இருக்காடா, இட்லிக் கடையில இருக்காடா?" என்று சிரித்தார். மெம்பரின் பேச்சே ஜனங்களைத் தூண்டிவிட்டதாகவும் மேலே எழுதப்போகிறாராம். அது சபைக்கு எட்டினால் மசோதாவை எதிர்ப்பவர்களுக்கு அதுவே போதும். அண்ணனைத் திங்கட்கிழமை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துகிறார்கள். தலைமறைவு என்று தீர்ப்பானால் ஜெயில்தான் என்கிறார் வக்கீல் குமாஸ்தா. பிள்ளை பிறக்கும்போது அவர் வீட்டில் இருக்கமாட்டார்.

8. ஆகவே தாங்கள் தயவுசெய்து 'தலைமறைவு' என்ற சொல்லை நீக்கி, திங்கட்கிழமைக்குள் அண்ணனை விடுவிக்க உத்தரவிட வேண்டும். மெம்பரை இதில் இழுக்கவேண்டாம். ஏனென்றால் ஐந்தாவது பத்தியில் கண்ட அந்த வரி அவர் பேசியதல்ல. பத்திரிகையிலும் இல்லை. 'விவாதம் நாளை தொடரும்' என்றுதான் அதில் முடிந்திருந்தது. அம்புட்டுப் பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி முடிக்க எனக்கு மனசு வரவில்லை. சிரிப்பார்கள், அண்ணன் மண்டையில் ஒரு குட்டு வைப்பார் என்று நினைத்துச் சொந்தமாக ஒரு வரி சேர்த்தேன். கையைத் தூக்குவார்கள் என்று நினைக்கவில்லை. தூக்கிய பிறகு சொல்லத் தைரியமில்லை.

தூண்டியவன் நான்தான். ரேகை வேண்டுமானால் என் விரல் தயாராக இருக்கிறது. லாக்கப்பில் சோறு கொடுக்கப் போனபோதுகூட அண்ணன், "மெம்பர் நம்மளைக் கைவிடமாட்டாருடா" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த வரி யாருடையது என்பதைத் தாங்களே அண்ணனிடம் சொல்லிவிட்டால் உபகாரமாக இருக்கும். ஊருக்கெல்லாம் வாசித்த எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஒச்சாங்குளம்,
1947ஆம் வருஷம் மார்ச்சு மாதம், சனிக்கிழமை.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மு. நல்லகாமன்
(சொந்தக் கையெழுத்து)