கதவு சென்சாரும் என் கையெழுத்தும்

மார்ச் 4

இன்று பக்கத்து நாற்காலிக்காரன் என் மேசைக்கு வந்தான். வருடக்கணக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். இப்போது எனக்கே மேலாளர். "அண்ணே, லிஃப்ட் கதவு புரோகிராம மாத்தி எழுதியிருக்கேன். நீங்க பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

இத்தனை பேர் இருக்க, ஏன் நான்?

மார்ச் 5

என் IF-ஐத் தூக்கிவிட்டான். குறுக்கே கை வந்தால் கதவைத் திறக்கவைக்கும் சென்சார் உள்ள கதவு, இல்லாத கதவு என்று எங்களிடம் இரண்டு மாடல். IF, ENDIF போட்டு இரண்டுக்கும் தனித்தனிப் புரோகிராம் வைத்திருந்தேன். சென்சார் இல்லாத மாடலுக்கு அந்த வரிகளை, புரோகிராமைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் அசெம்ப்ளரே கழித்துவிடும். சிப்புக்குள் போகவே போகாது. இவன் ஒரே புரோகிராம் ஆக்கிவிட்டான். எல்லா வரியும் உள்ளே இருக்கும். லிஃப்ட் ஓடும்போது சிப்பின் ஒரு பின்னைப் படித்து CMP, ஒப்பிட்டுப் பார். சுழியமென்றால் சென்சார் கிடையாது, BEQ, தாண்டிப் போ.

"ரெண்டு புரோகிராம வச்சு மாரடிக்க முடியலண்ணே."

என் எழுத்து இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பதவி உயர்வில் என்னைத் தாண்டிப் போனார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. தாண்டுவதற்கு நான் பட்டியலுக்குள்ளே இருந்திருக்க வேண்டுமே.

மார்ச் 6

காலையில் வணக்கம் சொன்னான். என்ன வேண்டும் இவனுக்கு?

மார்ச் 9

பிடித்துவிட்டேன். சோதனைக்கு நிற்கும் கதவில் சென்சார் வயரைப் பிடுங்கினேன். அறுந்த வயரும் சுழியம்தான். சென்சாரே இல்லாத மாடல் என்று நினைத்துத் தாண்டிப் போகிறது. நடுவில் ஓர் அட்டைக் குழாயை நீட்டினேன். கதவு நசுக்கியது. அது ஒருவர் கையாக இருந்தால்?

ஓகோ. நாளைக்கு ஏதாவது ஆனால், சரிபார்த்தவன் நான். இதற்குத்தானா இந்த அண்ணே, அண்ணே?

இப்போது சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை முதலாளி சோதனை பார்க்க வருவார், அவர் முன்னால் வயரைப் பிடுங்கிக் காட்டுவேன். அவன் முகத்தில் ஈயாடக் கூடாது.

மார்ச் 10

மனைவியிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அதுக்குள்ள அத எங்கயாவது லிஃப்ட்ல மாட்டிட்டா?"

"கையெழுத்து இல்லாம மாட்ட மாட்டாங்க."

"உங்களுக்கு அந்த ஆள் விழணும். நசுங்கற கை யாரோடதா இருந்தா என்ன."

தூக்கம் வரவில்லை. இவளும் அவன் பக்கமா?

மார்ச் 11

மாட்டிவிட்டார்கள். ஓர் அடுக்குமாடியில், இன்று காலை, சோதனை ஓட்டமாம். அதற்குக் கையெழுத்து வேண்டாமாம்.

நேரே அவன் அறைக்குப் போனேன். "வயர் அறுந்தா என்ன ஆகும்னு பாத்தியாடா?" வெளியே எல்லார் காதிலும் விழும்படிதான் அந்த 'டா'.

அவன் திரையை ஒருமுறை பார்த்தான். போனை எடுத்து லிஃப்டை நிறுத்தச் சொன்னான்.

"என்னை மாட்டிவிடத்தானே குடுத்த?"

"மத்தவங்க பாக்காமலே கையெழுத்துப் போடுவாங்கண்ணே. நீங்கதான் நான் வணக்கம் சொன்னாலே ஏன் சொல்றான்னு பாப்பீங்க. ஒரு வாரமா நீங்களே சும்மா இருந்தீங்களா, அப்ப தப்பே இல்லன்னு நெனச்சுட்டேன்."

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மார்ச் 13

முதலாளி முன்னால் வயரைப் பிடுங்கினேன். கதவு திறந்தபடியே நின்றது. எந்த மாடல் என்பதை மறுபடி IF முடிவு செய்கிறது. வயர் பிழைத்திருக்கிறதா என்பதை ஓடும்போது CMP பார்க்கிறது.

"யாரு கண்டுபிடிச்சது?" என்றார்.

"அண்ணன்தான் சார். பாத்த உடனே வந்து சொல்லிட்டார்."

உடனே. திங்கட்கிழமை நான் வயரைப் பிடுங்கியது அவனுக்குத் தெரியுமா? தெரிந்துதான் சொன்னானா?

அந்த 'உடனே'வை நான் திருத்தவில்லை. கையெழுத்துப் போட்டேன்.