ஆடி கழியட்டும்

செஞ்சி,
ஆவணி 5

அன்பு மகள் ஜெயசுதாவுக்கு,

உன் நைனா எழுதுவது. நானும் அம்மாவும் உன் பெண் சுவாதியும் உடம்பால் நன்றாக இருக்கிறோம். வீட்டைப் பற்றி அப்படி எழுத வழியில்லை. போனில் பேச்செடுத்தாலே நீ "பரவால்ல நைனா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால் எழுதி, மஸ்கட் திரும்பும் உன் தோழி மோனிகா கையில் கொடுத்தனுப்புகிறேன். இப்போதைக்கு உன் சித்தி வசந்தா வீட்டில் இருக்கிறோம்.

நேற்று இன்ஸ்யூரன்ஸ் ஆள் வந்து எரிந்த வீட்டைப் பார்த்தார். சுவரைத் தட்டினார், படம் எடுத்தார். கரியான சுவரையும் கூரையையும் அடுக்குமாடிச் சங்கத்து பாலிசியில் சரி செய்வார்களாம். நீ நர்ஸ் வேலை பார்த்து வாங்கிப் போட்ட பிரிட்ஜ், கட்டில், பீரோ, சமையலறை அலமாரி எதுவும் அதில் சேராதாம். "உள்ள இருக்கிறதுக்குத் தனியா போட்டிருக்கணுமே பெரியவரே" என்றார்.

உன்னிடம் மறைத்ததை இப்போது சொல்கிறேன். ஆனி மாதமே சங்கச் செயலாளர் கலைவாணி டீச்சர் வீட்டுச் சாமான்களுக்கான இன்ஸ்யூரன்ஸ் பாரத்தோடு வந்தார். "சங்கத்து பாலிசி கட்டடத்துக்கு மட்டுந்தான் சார். கதவத் தொறந்து உள்ள வந்தா உங்க பொறுப்பு" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். வீடு கட்டடத்துக்குள்தானே இருக்குது என்று நான் அவரிடமே வாதாடினேன். நீயும் போடச் சொன்ன பிறகு பாரத்தை நிரப்பினேன். வீடு என் பேரில் இருப்பதால் என் கையெழுத்துதான் வேண்டும். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது புதுக்காரியம் தொடங்குவார்களா? ஆடி கழியட்டும் என்று பாரத்துக்கு மஞ்சள் தடவி சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். நீ கேட்டபோது, கொடுத்தாச்சு என்று பொய் சொன்னேன்.

நான்காம் வெள்ளி மூவரும் மேல்மலையனூர் போயிருந்தோம். திரும்பி வந்தால் தெருவே நம் வாசலில் நிற்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரி தீப்பிடித்துக்கொண்டதாம். சாமி படத்தோடு அந்தப் பாரமும் போய்விட்டது. ஆடி வெள்ளி என்று கோயிலுக்குப் போனதால்தான் உயிர் தப்பினோம் என்கிறாள் அம்மா. எனக்கு அந்த ஆறுதல் ஒட்டவில்லை. டீச்சர் இன்னொரு பாரம் கொடுத்திருக்கிறார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

தைப் பொங்கலோடு வேலையை விட்டு வந்துவிடுவேன் என்றாய். இப்போது இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதப் போகிறாயாமே. மோனிகா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். தகப்பன் இல்லாத பிள்ளை, தினமும் காலண்டரை டிசம்பர் வரைக்கும் புரட்டிவிட்டு, "தை மாசம் எங்க தாத்தா, காணோமே?" என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்லட்டும்?

எங்களுக்குப் பாய் போதும், கண்ணு. பிரிட்ஜ் வருவதற்கு முன்பும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தோம். பிள்ளைக்கு நீ வேண்டும். உன்னைத் தடுக்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். அந்த ஒப்பந்தத்தை உன் முன்னால் நீட்டினால், நாள் சரியில்லை, எங்க நைனா நல்ல நாள் பார்த்துச் சொல்கிறேன் என்றார் என்று சொல்லிவிடு. நான் பார்க்கவே மாட்டேன்.

அங்காளம்மன் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் நைனா,
அரங்கநாதன்