தம்பி வீட்டு மீன்கள்

மார்ச் 4, செவ்வாய்

பல் லேபில் இன்று மேல்தாடைப் பல்செட் இரண்டு முடித்தேன். மூன்றாவது பல்செட்டுக்கு மெழுகில் பல் வரிசை வைத்துக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஆஸ்பத்திரி. “ஆக்சிடென்ட்ல வந்தவர் போன்ல ‘அக்கா’ன்னு ஒரு நம்பர் இருக்கு, நீங்கதானா?” என்று ஒரு பெண் கேட்டாள். மெழுகுக் கத்தியை வைத்தேனா, போட்டேனா, ஞாபகமில்லை.

தம்பியின் ஸ்கூட்டர் ஒரு வேனில் உரசிச் சறுக்கியிருக்கிறது. வலது தொடை எலும்பு முறிவு. தலைக்கு ஒன்றுமில்லை, முதுகுக்கு ஒன்றுமில்லை. இதை மட்டும் டாக்டரை இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டேன்.

இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. அவன் மனைவி பிரிந்து போன சமயம், சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தபோது, “அவ போனது சரிதான்” என்று சொல்லிவிட்டேன். அன்று எழுந்து போனவன்தான். ஆனாலும் போனில் ‘அக்கா’வை அழிக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். சுவரிடமே சொன்னான்: “வீட்ல மீன் இருக்கு. சாப்பாடு போடணும்.”

போதும். பேசிவிட்டான்.

மார்ச் 5, புதன்

வேலைக்குப் போகிற வழியில் அவன் வீடு. மீன் என்றால் ஒரு குடுவையும் இரண்டு தங்கமீனும் என்று நினைத்திருந்தேன். கூடத்தில் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு தொட்டி. எதிரே ஒரே ஒரு நாற்காலி. இரண்டு வருடமாக இவன் மாலை நேரங்களில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று தெரிந்துவிட்டது.

உள்ளே செடி கொடி எதுவும் இல்லை, பாறை மேல் பாறை. இடுக்குகளிலிருந்து பன்னிரண்டு மீன்கள் வந்தன. எலுமிச்சை மஞ்சள், மை நீலம், வரி போட்டவை சில. எல்லாம் கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டு என்னை முறைத்தன. ஆப்பிரிக்க ஏரியைச் சேர்ந்த சிக்லிட் வகையாம், சாப்பாட்டு டப்பாவில் போட்டிருந்தது. அங்கேயும் இப்படித்தான் முறைக்குமோ என்னவோ.

டப்பா மேல் அவன் கையெழுத்து: “ஒரு சிட்டிகை. முப்பது எண்ணுவதற்குள் தீர வேண்டும்.” பச்சைக் குருணை. பதினைந்து எண்ணுவதற்குள் காலி. அப்புறமும் வாயைத் திறந்து திறந்து மூடின. பாவமாக இருந்தது. இன்னொரு சிட்டிகை போட்டேன். கதவு வரை போனவள் திரும்பி வந்து மூன்றாவதும்.

மார்ச் 7, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. “கால் விரலை ஆட்டுங்க” என்றார் டாக்டர். ஆட்டினான். ஐந்தும் ஆடின! வராந்தாவுக்குப் போய் அழுது, முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் மீன்களுக்கென்று காய்ந்த புழு ஒரு டப்பா வாங்கினேன். “இதுக்கு மீனுங்க உயிரையே விடும்க்கா” என்றான் கடைக்காரன். தினமும் அதே பச்சைக் குருணையைத் தின்றால் அதுகளுக்கும் நாக்கு செத்துப்போகாதா?

மார்ச் 9, ஞாயிறு

“மீனுக்குப் போட்டியா?” “போட்டேன்.” “சண்டை போடுதா?” “இல்ல.”

இன்று இரண்டு கேள்வி கேட்டான். புழுவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மார்ச் 12, புதன்

பெரிய நீலம் சாப்பிட வரவில்லை. பாறைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது.

மார்ச் 13, வியாழன்

போய்விட்டது. கோலிக்குண்டை விழுங்கியது போல அதன் வயிறு உப்பியிருந்தது. கூடவே இன்னொரு நீலமும். கடைக்காரன் சொன்னது பலித்தது, உயிரையே விட்டுவிட்டன.

நான் என்ன பண்ணேன்? சோறுதானே போட்டேன்? கொஞ்சம் கூடப் போட்டேன், அது ஒரு குத்தமா? பழைய செய்தித்தாளில் சுற்றி அவன் வீட்டுப் பின்பக்கம் புதைத்தேன். வேலையில் வலது கடைவாய்ப் பல்லை இடது பக்கம் வைத்துவிட்டேன். பதினெட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

மார்ச் 14, வெள்ளி

“தொட்டிய ஒரு வீடியோ எடுத்துட்டு வாயேன்க்கா. பாக்கணும்போல இருக்கு.”

அக்கா என்று கூப்பிட்டுவிட்டான். நானோ, “போன்ல சார்ஜ் இல்லடா, நாளைக்கு” என்றேன். எழுபது சதவீதம் இருந்தது.

மார்ச் 15, சனி

எதிர்க்கடையில் நீலம் இல்லை. வெள்ளையாக, தாவணி போல நீளத் துடுப்போடு இரண்டு இருந்தன. தொட்டி காலியாகத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியது. “ரொம்ப சாதுக்கா, யார்கூட வேணாலும் இருக்கும்” என்றான். இது சாதுதான். மற்றதுகள் சாதுவா என்று கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். “மீனுக்கு மீன் வைக்கிறியா? உன் தம்பி என்ன கண்ணு தெரியாதவனா?” என்றார். கணவர் சொல்வது சில சமயம் சரியாக இருந்துவிடுகிறது.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் போனபோது வெள்ளை மீன்கள் தொட்டியின் மேல் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன. துடுப்பு பாதி இல்லை. கீழே மஞ்சள் மீன் ஒன்று ரவுடி மாதிரி ரோந்து சுற்றுகிறது. வாளியில் பிடித்துப் போட்டுக்கொண்டு, குருணை டப்பாவில் ஒட்டியிருந்த முகவரிக்கு ஓடினேன். வாளித் தண்ணீர் பாதி என் புடவையில்.

அந்தக் கடை ஒரு அம்மாவுடையது. வாளிக்குள் பார்த்ததுமே, “சிக்லிட் கூட விட்டீங்களா?” என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், புழு உட்பட.

“அதுங்க பாறைல இருக்கற பாசிய நாள் பூரா சுரண்டித் தின்ற ஜாதிம்மா. குடல் நீளம். புழுவும் கறியும் போட்டா செரிக்காம வீங்கிடும். மெதுவா நீந்தற மீன், நீளத் துடுப்பு மீன், எதையும் அதுங்ககூட விடக் கூடாது. தண்ணியே ஒத்துக்காது. இதுங்களுக்கு மெல்லிசான தண்ணி, அதுங்களுக்குச் சுண்ணாம்புச் சத்து நிறைஞ்ச கனமான தண்ணி.” வெள்ளை மீன்களைத் தனித் தொட்டியில் விட்டுக்கொண்டே சொன்னார்: “துடுப்பு வளந்துடும். பொழச்சுக்கும்.”

அப்பாடா, இந்த இரண்டுமாவது பிழைக்கட்டும்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. ஈரப் புடவையோடு. கட்டில் பக்கத்தில் நின்று ஒரே மூச்சில் சொன்னேன்: “உன் பெரிய நீலத்தக் கொன்னுட்டேன். இன்னொன்னையும். வேற மீன் வாங்கி விட்டு ஏமாத்தப் பாத்தேன்.”

கத்துவான் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, “புழு போட்டியா?” என்றான்.

“ஆமா.”

“நானும் போட்டேன். முத மாசம். ஏழு போச்சு.”

“ஏழா?”

“ஏழு. பாவமா பாக்கும்க்கா, என்ன பண்றது.”

எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. மீனுக்காக மட்டும் இல்லை. அதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று, “அன்னிக்கு அத்தன பேர் முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா” என்றேன்.

போர்வையின் ஓரத்தைச் சுருட்டினான். “நீ சொன்னது தப்பில்லக்கா. நான் அவள நல்லா வச்சுக்கல, எனக்குத் தெரியும். அதை நீ என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாலு அறை விட்டுக்கூடச் சொல்லியிருக்கலாம்.”

“இப்ப அறையட்டுமா?”

“கால் உடஞ்சிருக்கு. ஆறட்டும்.”

சிரித்தேனா, அழுதேனா — நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மார்ச் 23, ஞாயிறு

பெரிய நீலம் போனதும் மஞ்சள் ரவுடிதான் ராஜா. மற்றதுகளைத் துரத்தோ துரத்தென்று துரத்துகிறது. அதற்கு வைத்தியம் இன்னும் மீன் விடுவதாம்! “ஒருத்தனையே துரத்தினா அவன் செத்தான். கூட்டமா இருந்தா யாரத் துரத்தறதுன்னு தெரியாம ஓஞ்சிடும்” என்றான் தம்பி. அதே முரட்டு ஏரிக்கார ஜாதியாக, பெட்டையாக, பாசி தின்பதாக இரண்டு. அடியில் சுற்ற ஆப்பிரிக்கப் புள்ளிக் கெளுத்தி இரண்டு. கடைக்கார அம்மா அவனோடு போனில் பேசியே பொறுக்கிக் கொடுத்தார்.

விடுவதற்கு முன்னால் பாறைகளை எல்லாம் மாற்றி அடுக்க வேண்டும். வீடியோ கால். போனைச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டுத் தோள்வரை தண்ணீருக்குள் கையை விட்டேன். “இடது பக்கம்க்கா. உன் இடது இல்ல, என் இடது.” “நீ படுத்திருக்கடா, உனக்கு ஏது இடது!” அவன் பக்கத்துக் கட்டில்காரரும் யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அடுக்கி முடித்தபோது ரவுடிக்குத் தன் இடம் எதுவென்றே தெரியவில்லை. முழித்தது. எல்லோருக்கும் புது ஊர். சண்டை இல்லை.

மார்ச் 29, சனி

வரி போட்ட சின்னது மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. பாறை இடுக்கில் நிற்கிறது. வீங்கியும் இருக்கிறது. ஐயோ, மறுபடியுமா? புழுவத்தான் தூக்கிப் போட்டாச்சே, ஒரே ஒரு சிட்டிகைதானே போடறேன்? வீடியோ எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

போனைப் பெரிதாக்கிப் பார்த்தான், மறுபடி பார்த்தான். திடீரென்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். “வயிறு இல்லக்கா, வாய்! வாய் நிறைய முட்ட வச்சிருக்கா!”

இந்த ஜாதிப் பெட்டை மூன்று வாரம் முட்டையை வாய்க்குள்ளேயே வைத்துக் காக்குமாம். அதுவரை சாப்பாடு கிடையாது. நான் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, உடையாத கால் பக்கம்.

ஏப்ரல் 5, சனி

வீட்டுக்கு வந்துவிட்டான். வாக்கரைத் தள்ளிக்கொண்டு நேராகத் தொட்டியிடம். நானும் இவரும் வாசலிலேயே நிற்கிறோம், உள்ளே வா என்று சொல்ல ஆள் இல்லை. வாக்கரை விடும்வரை காலையில் மீனுக்குச் சாப்பாடு போட நான்தான் வர வேண்டுமாம்.

ஏப்ரல் 18, வெள்ளி

தனித் தொட்டியில் குஞ்சுகள். எள் அளவு கண்கள். பதினாறு என்கிறான், எனக்குப் பதினான்குதான் தெரிகிறது. தாய்க்காரி ஒட்டிப்போய்க் கிடக்கிறாள். ஒரு சிட்டிகை பச்சைக் குருணை போட்டேன். சாப்பிட்டாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். இவர்தான் போய் அழைத்து வந்தார். கைத்தடியோடு மூன்று படி ஏறினான், பிடிக்கப் போனால் முறைத்தான்.

இலேசாகத்தான் பேச்சு. பரிமாறிக்கொண்டே, “மீனுக்குப் போட்டுட்டு வந்தியா?” என்று கேட்டேன்.

“இன்னிக்குக் கிடையாது. ஞாயித்துக்கிழமை அதுங்களுக்குப் பட்டினி. வாரத்துல ஒரு நாள் வயிறு காலியா இருந்தாத்தான் நல்லது.”

“எப்பலேர்ந்து?”

“எப்பவுமே அப்படித்தான்.”

கரண்டியைச் சட்டியில் போட்டேன். “ஏழு ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் ஓடி ஓடி வந்து போட்டேனே! ஏன்டா சொல்லல?”

தட்டைப் பார்த்துப் பிசைந்துகொண்டே இருந்தான். “சொன்னா, அன்னிக்கு ஒரு நாள் நீ வராம இருந்துடுவியோன்னு.”

அடுப்பில் எதுவும் இல்லை. இருந்தாலும் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். கூடத்தில் இவர் சொல்வது கேட்டது: “அடுத்த ஞாயிறும் பதினோரு மணிக்கு வந்து கூட்டிட்டு வரேன்.”

“சரி மாமா” என்றான். “உப்பு மட்டும் பாத்துப் போடச் சொல்லுங்க.”