அக்கா போட்ட சிவப்புக் கோடு

மார்ச் 4, செவ்வாய்

இதை யார் எடுத்துப் படித்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அறுபது கிலோமீட்டர். அம்மாதான் அப்பாவுக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டாள். ஜெயிப்பதற்காக இல்லை. பந்தயம் முடிகிற ஊரில்தான் அக்கா இருக்கிறாள்.

சைக்கிள் கடை வேலைக்குப் போவேன் என்று சண்டை போட்டு அவள் பஸ் ஏறி இரண்டு வருடம். "இனி அவ பேச்சே இந்த வீட்ல எடுக்கக் கூடாது" என்றார் அப்பா.

மார்ச் 6

அவள் விட்டுப்போன வண்டிதான். ஊர் ஊராகச் சுற்ற வாங்கியது. குண்டு டயர், பெரிய கேரியர், நல்ல கனம். நான் பள்ளிக்கு ஓட்ட அப்பாதான் சீட்டை இறக்கிக் கொடுத்தார். சீட்டுக் கம்பியில் அக்கா தன் உயரத்துக்கு நெயில் பாலிஷால் போட்ட சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. இன்று அதுவரை ஏற்றிப் பார்த்தேன். கால் எட்டுகிறது! எப்போது இவ்வளவு வளர்ந்தேன்?

மார்ச் 8

மூன்றரை மணி நேரத்தில் போய்ச் சேராவிட்டால், பின்னாலேயே வரும் லாரியில் ஏற்றிவிடுவார்களாம். அக்காவுக்குத் தகவல் போயிருக்கிறது. வருவாளா?

மார்ச் 9

வந்தாள்.

அப்பாவிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் போனேன். "பெட்டி படுக்கையும் கட்டிட்டு வந்திருக்கலாமே!" என்றாள் ஒருத்தி, கேரியரைப் பார்த்து. எல்லாரும் சிரித்தார்கள். ஏற்றத்தில் அத்தனை பேரும் என்னைத் தாண்டிப் போனார்கள். முதுகுக்குப் பின்னால் லாரிச் சத்தம். அப்புறம் ஜல்லி ரோடு. மெல்லிய டயர்க்காரிகள் ஓரமாக நின்று பஞ்சர் பார்க்க, நான் கடகடவென்று போய்க்கொண்டே இருந்தேன். போய்ச் சேர்ந்தபோது நான்கே நிமிடம் மிச்சம்.

அக்கா கிரீஸ் கையோடு கட்டிப்பிடித்தாள். "அடிப்பாவி, என் கோட்டுக்கே வந்துட்டியா!" பிறகு, செயினைத் துடைத்துக்கொண்டே, "அப்பா எப்பவாச்சும் என்னைக் கேட்டாராடி?"

பொய் சொல்ல வரவில்லை. "இல்லக்கா."

துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

மார்ச் 10

ஐயோ, நேற்று வண்டியை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு திரும்பிய அவசரத்தில் சீட்டை இறக்க மறந்துவிட்டேன்.

காலையில் அப்பா வண்டிப் பக்கம் குனிந்து நின்றார். சிவப்புக் கோட்டை விரலால் தொட்டார். தொலைந்தேன் என்று நினைத்தேன். திட்டவில்லை. மாடிக்கு ஓடினார், எட்டிப் பார்த்தார், பாத்ரூம் கதவைக்கூடத் தள்ளிப் பார்த்தார். அப்புறம் சமையலறை வாசலில் நின்று அம்மாவிடம், "பெரியவ வந்திருக்காளா?"

"இல்லையே..."

"சீட்டு அவ உயரத்துக்கு இருக்கே."

சாப்பிடாமலே வேலைக்குப் போய்விட்டார்.

கேட்டுவிட்டாரே அக்கா, கேட்டுவிட்டாரே! இதை உனக்கு எப்படிச் சொல்வேன்? முதலில் அப்பாவிடம் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். வண்டியைப் பிடுங்கிப் பூட்டிவிட்டால்? பூட்டட்டும். ஆனால் எப்படி ஆரம்பிப்பது -

கதவு தட்டும் சத்தம். "தூங்கிட்டியாம்மா?" அப்பா குரல். நான்