பிஸ்கட் டப்பாவில் இருந்த பின்னல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் தம்பியும் நன்றாக இருக்கிறோம், உனக்கு ஆறு மாதம் முடிந்து வயிற்றுப் பிள்ளை உதைக்கத் தொடங்கியிருக்கும், நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் எந்நேரமும் என் நினைப்பு. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து முழுசாகப் படி. வாரம் நான்கு நாள் சுறா, சூரை என்று பெரிய மீனாக வாங்கித் தருவதாக மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார், இன்றோடு நிறுத்தச் சொல். பெரிய மீன் சின்ன மீன்களைத் தின்று தின்று பாதரசத்தை உடம்பில் சேர்த்து வைத்திருக்குமாம், எவ்வளவு வேகவைத்தாலும் போகாதாம், தாய்க்கு ஒன்றும் தெரியாது, பிள்ளையின் மூளையைப் பிடித்துவிடும். மீனையே விட்டுவிடாதே, நெத்திலி, மத்தி மாதிரிப் பொடிமீன் நல்லதுதான் என்று பரிசோதனைக்கூடத்துப் பெண் சொன்னாள்.

அவள் ஆலைக் கழிவை விசாரிக்கும் கமிஷனோடு வந்தவள். தம்பி பிறந்து மூன்று மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை, அவனைக் கீழே விட்டுத் தலைவார முடியாமல் இடுப்புவரை இருந்த முடியைப் பின்னலோடு அடியொட்ட வெட்டினேனே, அதை அன்றைய செய்தித்தாளில் சுற்றி பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளருமாம், அந்தந்த மாதம் தின்றது அந்தந்த இடத்தில் நிற்குமாம். நாலு இழை எடுத்துப்போய்ப் பார்த்தாள், அவன் வயிற்றிலிருந்த மாதம் அத்தனையிலும் பாதரசம். நீ பிறந்தபோது அந்த ஆலையே இல்லை, அதனால் தப்பித்தாய்.

ஆலை டாக்டரை மறந்திருக்க மாட்டாய். மாசமாக இருந்தபோது மீன் நிறையச் சாப்பிடும்மா என்று சொன்னவரே அவர்தான், உன் அப்பாவும் ஆலைக் கழிவு கலக்கிற கழிமுகத்திலிருந்து ஆசையாக வாங்கி வருவார். டாக்டர் வீட்டுச் சமையல்காரி மட்டும் கழிமுக மீனைத் தொடமாட்டாள், அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிள்ளை இப்படிப் பிறந்ததும், கருவைக் கலைக்க மாத்திரை போட்டிருக்கிறாள் என்று என் ஆஸ்பத்திரித் தாளில் எழுதினாரே, உன் அப்பா அதைச் சாகிறவரை நம்பினார். பத்தாம் வகுப்பில் ஒருநாள் நீயும் கேட்டாய், நெஜமாம்மா என்று. உன்மேல் கோபமில்லை, அந்த ஆளை மட்டும் இருபத்தாறு வருஷமாகக் கரித்துக்கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

பின்னல் விஷயம் எப்படியோ காதில் விழுந்து, புதன்கிழமை மதியம் அவரே வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் பழக்கூடை. பின்னலைக் கமிஷனுக்குக் குடுத்துடாதம்மா, இந்த வயசுல என்னால ஜெயிலுக்குப் போக முடியாது என்றார். தம்பிக்குச் சாப்பாட்டு நேரம், மொதல்ல இவனுக்கு ஊட்டுங்க, அப்புறம் பேசலாம் என்று கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன். தோளை ஒரு கையால் தாங்கணும், ஒரு ஸ்பூன் விழுங்கும்வரை காத்திருக்கணும், புரையேறினால் குனியவைத்துத் தட்டணும், எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். ஊட்டி முடிக்க ஒரு மணி நேரமும் நாற்பது நிமிஷமும் ஆயிற்று. தம்பி இருமி அவர் சட்டையெல்லாம் கஞ்சி, அந்த ஆளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவம் என்று நினைப்பாய், நினைக்காதே, எனக்குத் துளி இரக்கம் வரவில்லை, நன்றாக இருந்தது. முடித்துவிட்டு, இப்பவாவது சொல்லும்மா என்றார். அது திங்கக்கெழமையே போயிடுச்சு டாக்டர், பாத்தது அந்தப் பொண்ணு, முத்திர வெச்சு வாங்கிக்கிட்டது கமிஷன் என்றேன். அப்புறம் எதுக்கு என்னை ஊட்டவெச்சே என்று கேட்டார். ராத்திரிச் சாப்பாடும் இருக்கு, இருந்து குடுத்துட்டுப் போங்க என்றேன். பழக்கூடையைக்கூட எடுக்காமல் போய்விட்டார், பழம் நல்ல பழம், மசித்துத் தம்பிக்குக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் நான் சாட்சி சொல்கிறேன். நீ அலைந்து வரவேண்டாம், வேளாவேளைக்குச் சாப்பிடு, தலையிலிருந்து கொஞ்சம் முடி வெட்டி அங்கேயே சோதனைக்குக் கொடு, மறக்காதே. நீயும் பிள்ளையும் நூறு வயசு வாழவேண்டும். உன் அப்பா இருந்து இதைக் கேட்கவில்லையே என்பது ஒன்றுதான் ஆறவில்லை, அதனால் உனக்காவது என் கையால் எழுதி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாத்திரையும் போடாத உன் அம்மா.