ஆறு மாதத்தில் ஒரு நாள்

அண்ணை,

இன்று காலை வேலையிடத்தில் ஒரு பெட்டியைத் திறந்ததும் வைக்கோல் மணம் வந்தது. கஞ்சாவில் அந்த மணம் வந்தால் என்ன பொருள் என்று எனக்கு யாரும் பயிற்சி தரத் தேவையிருக்கவில்லை. "அவசரப்பட்டுக் காயவைச்சால் மாட்டுக்குப் போடுற சாமான்தான் மிஞ்சும்" என்று நீங்கள் சலித்துக்கொள்வது காதில் கேட்டது. தாளில் "ஏற்க முடியாது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

மொன்றியலுக்குப் பக்கத்தில், புவாண்ட்-கிளேரில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு களஞ்சியம் அது. அரசாங்கக் கடைகளுக்குப் போகிற கஞ்சா அங்கே வளர்ந்து, காய்ந்து, பொதியாகிறது. ஒவ்வொரு தொகுதியிலும் கொஞ்சம் எடுத்து மணந்து, கசக்கி, ஈரம் பார்த்து எழுதுவது என் வேலை. வீட்டில் மருந்துக் கம்பனி என்று சொல்லி வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து படிக்க வந்த பெண் ஒருத்தி எங்களிடம் பகுதி நேரமாகப் பொதி கட்டுகிறாள். நான் எழுதியதை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்க ஊர்ல இத கைல வச்சிருந்தாலே உள்ள தூக்கிப் போட்டுருவாங்கக்கா. நீங்க என்னடான்னா மோந்து பாத்து ஃபெயில் போடுறீங்க."

இங்கேயும் உள்ளே போட்டவர்கள்தான் என்று வாய்வரை வந்தது. அடுத்த பெட்டியைத் திறந்தேன்.

அஹுன்ட்சிக்கில் நீங்கள் இருந்த இரண்டறை வீட்டுக்கு நான் பள்ளிக்கூடம் விட்டு வருவேன். உங்கள் அம்மா, என் பெரியம்மா, கட்டித் தந்த சோற்றுப் பாத்திரத்தைக் கொடுப்பது சாட்டு. உள்ளறையில் விளக்குகளுக்குக் கீழே இருபத்திரண்டு செடிகள். நீங்கள் புகைப்பது அபூர்வம். உங்களுக்கு அந்தச் செடி ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்பதில்தான் பைத்தியம். உணவகத்தில் உங்களோடு பாத்திரம் கழுவிய மொரோக்கோக்காரர், தன் மலையில் காய்ந்த செடியைச் சல்லடைத் துணிமேல் தட்டிப் பொடி எடுப்பதை நடித்துக் காட்டினாராம். அதை நீங்கள் எனக்குப் பெரியம்மாவின் மா அரிப்பெட்டியை வைத்து நடித்துக் காட்டினீர்கள். ஆப்கான் மலைச் செடி கட்டையாக, அகன்ற இலையோடு, குளிருக்கு முன்னே பூத்து முடித்துவிடும். தாய்லாந்துச் செடியும் கேரளச் செடியும் நெடுநெடுவென்று வளர்ந்து, ஆறுதலாகப் பூக்கும். மொன்றியலில் வெளியே வைத்தால் பூ முற்றுவதற்குள் பனி கொட்டிவிடும்.

"இது எங்கடை ஆக்கள் மாதிரி," என்றீர்கள். "வெயில் காணும் வரைக்கும் ஒண்டும் செய்யாது."

"அப்ப உங்கடை சிற்றிசன் ஃபோமும் வெயிலுக்குத்தான் காத்திருக்கோ?" என்றேன்.

"பேந்து பாப்பம்" என்றீர்கள். பெரியம்மா உங்களை ஸ்பொன்சர் செய்து இங்கே எடுப்பித்து எட்டு வருடமாகியிருந்தது. குடியுரிமைப் படிவம் பாதி நிரப்பியபடி மேசை லாச்சிக்குள் கிடந்தது. நிரந்தர வதிவிட அட்டை இருக்கிறதே, பிறகென்ன அவசரம் என்பது உங்கள் கணக்கு.

உங்கள் குழாய் ஒழுகிக் கீழ்வீட்டுக் கூரை நனைந்ததும், குழாய் திருத்த வந்தவர் உள்ளறைக் கதவைத் திறந்ததும், பொலிஸ் வந்ததும் ஒரே பகலில் நடந்து முடிந்தன.

வழக்கறிஞரிடம் நான்தான் கூட வந்தேன். எனக்குப் பதினேழு வயது. உங்கள் பிரெஞ்சு, உணவகச் சமையலறையோடு சரி. அவர் நல்ல மனிதர், அண்ணை. இதை எழுத எனக்கு இவ்வளவு வருடம் எடுத்தது. அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டார். வேலை, முகவரி, முன் வழக்குகள். பிறகு, "இவர் கனடியக் குடியுரிமை உள்ளவரா?" என்றார்.

நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். நீங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தபடியே என்னிடம் சொன்னீர்கள்: "ஓம் எண்டு சொல்லு. இல்லையெண்டால் அதைப் பிடிச்சுக்கொண்டு நிப்பான். கேட்டால் கேட்டதுக்கு ஓம், அவ்வளவுதான்."

சோதனைச் சாவடிகளில் நின்று பழகிய புத்தி அது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் யாராக இருந்தாலும் அவன் விரும்புகிற பதிலைக் கொடுத்துவிட்டுக் கடந்துபோவது. உங்கள் பக்கம் பேச வந்தவரும் உங்களுக்கு மேசைக்கு அந்தப் பக்கத்து ஆள்தான். எனக்கு அந்தப் புத்தி இல்லை, நான் இங்கே பிறந்தவள். அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிரெஞ்சில் "ஆம்" என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆறு மாதத்தோடு முடியும் என்று பேசி முடித்தார். ஆறு மாதம்தானே என்று எல்லோரும் ஆறினோம். நீங்கள் உள்ளே இருக்கும்போதுதான் குடிவரவுத் திணைக்களத்தின் கடிதம் வந்தது.

கோட்-டெ-நெய்ஜில் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் பெரியம்மாவோடு ஓடினேன். அந்தப் பெண் தீர்ப்பை இரண்டு முறை வாசித்தார். குடியுரிமை இல்லாதவருக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ தண்டனை கிடைத்தால், நாடு கடத்துவதை எதிர்த்து மேன்முறையீடு செய்ய முடியாது என்றார். ஒரு நாள் குறைவாக இருந்தால் செய்யலாம். வழக்கறிஞர்கள் அந்த ஒரு நாளைக் கேட்பதும், நீதிபதிகள் கொடுப்பதும் வழமையாம். "அவர் ஏன் கேட்கவில்லை?" என்று என்னிடம் கேட்டார்.

நான் பெரியம்மாவிடம் திரும்பி, "அந்த லோயர் ஏன் கேக்கேல்லை எண்டு கேக்கிறா" என்று மொழிபெயர்த்தேன்.

"படுபாவி, நித்திரையாக்கும்," என்றார் பெரியம்மா. அதையும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

உங்களை நாடு கடத்துவதற்கு முதல், சிறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "நீ வாய் திறக்காதை. நான் சொல்லித்தானே சொன்னனி" என்றீர்கள். அந்தப் பெருந்தன்மையில் எனக்கு இன்றும் கோபம். நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். அல்லது, பொய் சொல்லென்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொன்னது உங்கள் பிழை என்று ஒருதரம் ஒப்புக்கொண்டிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை.

பிறகு கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கி, இங்கே அரசாங்கமே கடை திறந்தது. செய்தியில் பார்த்துவிட்டு வவுனியாவிலிருந்து ஃபோன் எடுத்தீர்கள்.

"லைன்லை நிண்டனியோ? என்ன சாமான் குடுக்கிறாங்கள்?"

"பெட்டிக்குள்ளை. அரசாங்க முத்திரையோடை."

"மணம்?"

"வைக்கோல்."

வெகுநேரம் சிரித்தீர்கள். "இஞ்சை கேரளாச் சாமான் வள்ளத்திலை வருது. ஈரத்தோடை இறுக்கிக் கட்டி, கடல் தண்ணியும் பட்டு, ஒரே பூஞ்சணம். நல்ல மண், நல்ல வெயில், நல்ல செடி. காயவைக்கத்தான் ஆருக்கும் பொறுமையில்லை." சிரிப்பு முடிந்ததும், "இப்ப என்னைத் திருப்பி எடுப்பாங்களோ எண்டு ஆரிட்டையும் கேட்டுப் பார்" என்றீர்கள். கேட்டேன். இல்லை என்றார்கள். அதை உங்களுக்குச் சொல்ல ஒரு மாதம் பிந்தினேன்.

டெங்கு வந்து அங்கேயே நீங்கள் இறந்துபோனபோது உங்களுக்கு வயது முப்பத்தாறு. வீட்டில் வளர்ப்பது கியூபெக்கில் இன்றும் தடை. களஞ்சியத்தில் வளர்ப்பவர்களோ, அந்த வாடை தொழிலாளரின் உடுப்பில் ஒட்டுகிறதென்று எங்களுக்கு வெள்ளை அங்கி தருகிறார்கள். ஆப்கான் மலை என்றும் தாய்லாந்து என்றும் பெட்டிகளில் பெயர் எழுதுகிறோம். எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே விளக்கில் வளர்ந்தவை.

போன கிழமை பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இன்சுலின் தவறாமல் போடுகிறாரா என்று டொக்டர் கேட்டார்.

"ஓம் எண்டு சொல்லு பிள்ளை," என்றார் பெரியம்மா. "இல்லையெண்டால் நிண்டு கத்துவான்."

இல்லை, கிழமையில் மூன்று நாள் போடுவதில்லை என்று டொக்டரிடம் சொன்னேன். பெரியம்மாவுக்கு அந்தளவு பிரெஞ்சு விளங்கும். பஸ்ஸில் ஏறியதும் யன்னலைப் பார்த்தபடி தொடங்கினார்.

"உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தது என்ரை பிழை. அண்டைக்கு அவனுக்கும் ஒரு லோயர் வாய்ச்சான். வாய் திறக்கவேண்டிய இடத்திலை திறக்காமல் என்ரை பிள்ளையைத் திண்டவன்."

"லோயரிலை பிழையில்லை, பெரியம்மா."

திரும்பி என்னைப் பார்த்தார். "பின்னை ஆரிலை?"

எங்கள் தரிப்பு வந்தது. "இறங்குவம்" என்று சொல்லி அவர் கையைப் பிடித்தேன்.

பெரியம்மாவிடம் நான் சொல்லாமல் விட்டதற்கு, நீங்கள் வாய் திறக்காதே என்று சொன்னது ஒரு காரணம், அண்ணை. அது மட்டும்தான் காரணம் என்று உங்களுக்கு எழுதினால், அது என் இரண்டாவது பொய்.