மூன்று விரல் அகலம்

திரேஸ்புரம்
4.9.2024

ஏளா ரீனா,

நலமா என்று கேட்க மாட்டேன். பரீட்சைக்குப் படிக்கிறவளிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. போனில் என்றால் அழுகை முந்துகிறது. அதனால் கடிதம்.

மார்ச்சில் ஏழாம் மாதத்தில் இறந்து பிறந்த என் மகளை, நீ கேட்டாய் என்று உன் மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சிக்குக் கொடுத்தேன். குறையாகச் சொல்லவில்லை. மனசு தாங்காது என்று என்னிடம் காட்டாமலே எடுத்துப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் பிரைட்டனைக் கேட்டால், "உன்ன மாதிரியேதான் இருந்துச்சு" என்று சொல்லுதார். கண்ணை மூடிக்கொண்டு பார்த்த மனுஷன். நீ மாதக்கணக்கில் பக்கத்திலேயே இருந்தாயே. எப்படி இருந்தாள்?

உன் எமில்டா

கல்லூரி விடுதி
9.9.2024

அன்புள்ள எமில்டா,

பேராசிரியர்கள் கேட்கப்போகும் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன். உனக்கு இல்லை.

கருச்சிசுவின் மேல்தொடையில் நரம்பும் ரத்தக் குழாய்களும் எப்படி ஓடுகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. இடுப்பு மடிப்புக்குக் கீழே மூன்று விரல் அகலம். மீதியை ஈரத்துணியால் மூடிவிடுவோம். உடல் காயாமலிருக்க என்று புத்தகத்தில் இருக்கிறது. கை நடுங்காமலிருக்க என்று யாரும் எழுதவில்லை. உன் மகள் எண் பதினேழு. முகத்தை நான் பார்த்ததே இல்லை.

ரீனா

திரேஸ்புரம்
12.9.2024

ஏளா,

இவ்வளவுதானே? துணியை விலக்கிப் பார். மூக்கு யார் மூக்கு, முடி இருந்ததா, எழுது. என் மாமியார் மூக்கு என்றால் பொய் சொல்லிவிடு.

எமில்டா

கல்லூரி விடுதி
17.9.2024

எமில்டா,

போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், துணிச்சல் வரவில்லை. ஆய்வு முடிந்து முப்பது சிசுக்களையும் ஆகஸ்டிலேயே ஒன்றாக அடக்கம் செய்துவிட்டார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. ரசீது இருக்கிறது. தொடையின் படமும் இருக்கிறது. அனுப்பட்டுமா?

ரீனா

திரேஸ்புரம்
30.9.2024

ரீனா,

படம் எனக்கு விளங்காது. நீ பார்த்ததை எழுது. அந்த மூன்று விரல் அளவாவது என் பிள்ளையை எனக்குத் தெரியட்டும். அதன் பிறகு எனக்கு எழுத வேண்டாம்.

எமில்டா

கல்லூரி விடுதி
4.10.2024

எமில்டா,

வலது தொடை. வெளிப்பக்கம் நரம்பு, நடுவில் தமனி, உள்பக்கம் சிரை. புத்தகத்தில் சிவப்பும் நீலமும் பூசியிருப்பார்கள். அவளிடம் எல்லாமே வெளுப்பு. தமனி உங்கள் வீட்டு மீன்வலை நூல் பருமன். மடிப்புக்குச் சற்றுக் கீழே அதிலிருந்து ஒரு கிளை பிரிந்து, தொடைக்குள் ஆழமாக இறங்கியது. நரம்பு விரல்கள் போல விரிந்து தசைகளுக்குள் போயிற்று. முப்பதில் ஒன்பது பேருக்கு ஏதாவது ஒன்று இடம் மாறியிருந்தது. அவளுக்கு எதுவும் மாறவில்லை. நடப்பதற்கு வேண்டியதெல்லாம் வைத்திருந்தாள்.

முடி இருந்ததா என்று கேட்டாய். தொடையில் பூனைமுடி இருந்தது. ஆய்வேட்டில் அதை எழுதவில்லை.

ரீனா